பந்தி விசாரிக்கிறவர்

ஆடி பிறந்துவிட்டால் தஞ்சாவூர்ப் பக்கத்தில் கல்யாணம் கிடையாது. மண்டபம் பூட்டிக் கிடக்கும், சமையல்காரர் வீட்டில் இருப்பார், மேளக்காரர் தூங்குவார், கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் ஈ ஓட்டுவார்கள். ஷிஃபா தன் முதல் படத்தை ஆடியில் எடுக்கத் தீர்மானித்ததற்கு இதைவிடப் பெரிய கலைக் காரணம் ஒன்றும் இல்லை. எல்லோரும் சும்மா இருக்கிற மாதத்தில் எல்லோரும் சும்மாவே கிடைப்பார்கள் என்று கணக்குப் போட்டாள்.

"ஆடியில எவனாவது புது வேலை ஆரம்பிப்பானா?" என்று கேமராக்காரன் ராம்கி இழுத்தான். மனம் இருந்தால் மார்க்கம் இல்லாமலா போகும்? ஆனி கடைசி நாள் சாயங்காலம் ஒரு தேங்காயை உடைத்து, மண்டப வாசலில் நின்றிருந்த மாட்டை ஒரு நிமிஷம் படம் பிடித்து, "நாம ஆனியிலயே ஆரம்பிச்சாச்சு" என்று இருவரும் மனசைத் தேற்றிக்கொண்டார்கள். அந்த மாட்டுக்குப் படத்தில் வேலையே இல்லை.

மண்டபம் ஷிஃபாவின் தாய்மாமா ஜெக்கரியாவுடையது. பாபநாசத்தில், கும்பகோணம் சாலையை ஒட்டி இருக்கிறது. "ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு புக்கிங் இருக்கு. அதுவரைக்கும் உள்ள யாரை வேணாலும் கொன்னுக்க. போகும்போது கழுவி விட்டுட்டுப் போயிடு" என்று சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

கதை ஒரு கொலைக் கதை. அரிசி ஆலை முதலாளி ஒருவர், மகளின் நிச்சயதார்த்தப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே விஷம் ஏறிச் செத்து விழுகிறார். வைத்தது யார்? ஷிஃபா அதை வருஷக்கணக்காக மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். பகலெல்லாம் ஊரார் கல்யாண வீடியோக்களை கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவது அவள் பிழைப்பு. யாரோ ஒருவருக்குத் தாலி ஏறிக்கொண்டிருக்கும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, இவள் சாம்பாரில் விஷம் கலந்துகொண்டிருப்பாள்.

நடிகர் தேர்வு என்று அவள் நோட்டீஸ் ஒட்டவில்லை. ஹார்டு டிஸ்க்கைத் திறந்தாள். சுற்றுவட்டாரத்து முகமெல்லாம் அதில் இருந்தது. எந்தக் கல்யாணமானாலும் முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்திருக்கும் சிங்காரவேலு இருந்தார். சாகப் போகிற முதலாளி அவர்தான் என்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று. சொந்தமோ அசலோ, தாலி கட்டும் நேரத்தில் தவறாமல் கண்ணீர் விடும் பிரகதாம்பாள் இருந்தாள். அவள் முதலாளியின் மனைவி. தோழிப்பெண்ணாக நிற்கும்போதும் வருகிறவர்களை எல்லாம் மேலும் கீழும் பார்க்கிற பரிதி, சப்-இன்ஸ்பெக்டர். கேட்டவுடன் எல்லோரும் சரி என்றார்கள். சிங்காரவேலு மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

"வயல்ல குறுவை நிக்குது பாப்பா. மூணு மணிக்கு எனக்குத் தண்ணி முறை. அதுக்குள்ள என்னைக் கொன்னுட்டா தேவலை."

எல்லாம் கூடி வந்தது, கொலைகாரனைத் தவிர. அதற்கும் ஷிஃபா ஒரு முகத்தை வைத்திருந்தாள். வேறு முகத்தை நினைத்தே பார்த்ததில்லை.

பஞ்சநதம். பிரகதாம்பாளின் வீட்டுக்காரர். அந்த வட்டாரத்துக் கல்யாணங்களில் பந்தி விசாரிக்கிற ஆள். பரிமாறுவது வேறு, விசாரிப்பது வேறு. பரிமாறுகிறவர்கள் வாளியோடு ஓடுவார்கள். விசாரிக்கிறவர் வெறுங்கையோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இலைவரிசை நெடுக நடப்பார். ஒவ்வொரு இலையிலும் குனிந்து, "என்ன அப்பளம் நொறுக்காம இருக்கு? ரசம் வரச்சொல்லவா? கூச்சப்படாம சாப்பிடுங்க" என்பார். கூலிக்கு வருகிற வேலை இல்லை இது. ஊரில் ஒருவருக்கு அமைகிற மரியாதை. பஞ்சநதம் குனிந்து கேட்டால் வயிறு நிறைந்தவனும் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வான். இவர் விஷம் வைத்தால் யார் சந்தேகப்படுவார்கள்? ஊரே கேட்டு வாங்கிச் சாப்பிடும்.

ஷிஃபா அவரைத் தேடி வயலுக்கே போனாள். சம்பா நாற்றங்காலுக்குச் சேறு அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வரப்பில் நின்று வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க என் படத்துல நடிக்கணும்."

"நானா? எனக்கு என்னம்மா வேஷம் பொருந்தும்?"

"பந்தி விசாரிக்கிற வேஷம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அது வேஷமா? கூப்பிடு, வந்துடறேன்."

"விசாரிச்சுக்கிட்டே ஒருத்தருக்கு சாம்பார்ல விஷம் வச்சுடுவீங்க."

மலர்ந்த முகம் அப்படியே சாத்திக்கொண்டது. "சாம்பார்லயா?"

"ஆமா மாமா."

"அது சரிப்படாதும்மா."

ஷிஃபா விடவில்லை. சினிமாதானே என்றாள். அந்த முதலாளி உங்கள் நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கியவன், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றாள். படம் பார்க்கிறவர்கள் உங்களுக்காக அழுவார்கள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, "நியாயம் எல்லாம் சரிதான். ஆனா சரிப்படாது" என்று அதே இடத்திலேயே வந்து நின்றார். கொலைகாரன் என்று பெயர் வந்துவிடும், அடுத்த முகூர்த்தத்தில் யாரும் விசாரிக்கக் கூப்பிட மாட்டார்கள் என்று பயப்படுகிறார் என்று ஷிஃபா நினைத்துக்கொண்டாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று வழியெல்லாம் வயிறெரிந்தாள்.

அப்புறம் நடந்த தேர்வுகளைச் சொல்லாமல் விடுவதே நல்லது. ஆனாலும் நடராசனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உரக்கடை வைத்திருக்கிறவர், தானாகவே வந்து கொலைகாரன் வேஷம் கேட்டவர். சாம்பார் வாளியைத் தூக்கியதுமே கண்ணை உருட்டினார், பல்லைக் கடித்தார், மீசையை நீவினார். செத்துப்போக வேண்டிய சிங்காரவேலு இலையை விட்டு எழுந்து, "இவன் கையால பச்சைத்தண்ணி கூட நான் குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அடுத்து வந்தவர் விஷம் ஊற்றும்போது சிரித்தார். அதற்கடுத்தவர் கை நடுங்கி முழு வாளியையும் கொட்டினார்.

ஆடி ஓடிக்கொண்டிருந்தது. ஆவணி பிறந்தால் மண்டபம் இல்லை, ராம்கி இல்லை, சமையல்காரர் இல்லை, யாரும் இல்லை. எல்லோரும் முகூர்த்தத்துக்குப் போய்விடுவார்கள், அவளும்தான். இந்த ஆடி போனால் அடுத்த ஆடி. அடுத்த ஆடி என்று சொன்ன காரியம் எதுவும் எந்த ஊரிலும் நடந்ததில்லை. ஷிஃபாவுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லாததால் பந்திக் காட்சிக்கு ஒத்திகை வைத்தாள். கொலைகாரன் இல்லாமலே ஓட்டிப் பார்க்கலாம், ஆள் பிறகு கிடைப்பான் என்று ராம்கியிடம் சொன்னாள். அவளே நம்பவில்லை.

நடிக்க வருகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது, மத்தியானச் சாப்பாடு உண்டு. பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள்? இருபது பேர் கேட்ட இடத்தில் மண்டபம் நிறைந்துவிட்டது. நாற்றங்காலில் இருந்து சேற்றுக் காலோடு நேராக வந்து உட்கார்ந்தவர்களும் உண்டு. இலை போடுகிற வேலையை ராம்கி எடுத்துக்கொண்டான். கேமராவில் அழகாகத் தெரிகிறது என்று நுனி வலப்பக்கம் வரும்படி எல்லா இலையையும் போட்டு வைத்தான்.

அந்த நேரம் பார்த்து, பெண்டாட்டியைக் கூட்டிப்போக பஞ்சநதம் மொபெட்டில் வந்து இறங்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எவன்டா இலை போட்டவன்?"

ராம்கி கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"நுனி இடப்பக்கம் வரணும்னு தெரியாது? சாப்பிடற மனுஷன் இடக்கையாலயா சாப்பிடறான்? திருப்பிப் போடுங்க எல்லாத்தையும். அங்க ஏன் தண்ணி வைக்கல? உப்பு எங்க?"

செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் உள்ளே இறங்கிவிட்டார். கேமராவையோ விளக்குகளையோ ஏறிட்டும் பார்க்கவில்லை. அவர் கண்ணுக்கு இலைகள் மட்டும்தான் தெரிந்தன. கூட்டு வந்தது, பொரியல் வந்தது, சாதம் வந்தது. அவர் குனிந்தார், கேட்டார், அதட்டினார், சிரித்தார். ஷிஃபா ராம்கியின் தோளை அழுத்தினாள். அவன் கேமராவை ஓடவிட்டான்.

சிங்காரவேலுவுக்கு ஒத்திகை மறக்கவில்லை. சாம்பார் சாதத்தில் இரண்டாவது கவளம் எடுத்ததும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு "ஆ" என்று ஒரு சத்தம் போட்டு, அப்பளத்தின் மேலேயே தலை சாய்த்தார். பிரகதாம்பாளுக்குக் கண்ணீர் தயாராக இருந்தது, கொட்டிவிட்டது.

பஞ்சநதம் இரண்டே எட்டில் அங்கே வந்து நின்றார். "யோவ், என்னய்யா இது? இன்னும் ரசமே வரல, அதுக்குள்ள விழுந்துட்ட?"

"செத்துட்டேன்" என்றார் சிங்காரவேலு, தலை தூக்காமல்.

"எந்திரி. முதல்ல சாப்பிடு, அப்புறம் சாவு. பாதி இலையில சாகறதாவது!"

மண்டபமே சிரித்தது. பஞ்சநதம் மட்டும் சிரிக்கவில்லை. ஷிஃபாவைப் பார்த்துத் திரும்பினார். "இதுக்குத்தாம்மா நான் மாட்டேன்னது. கொலைகாரன்னு சொல்லிக்கங்க, எனக்கென்ன போச்சு? நான் விசாரிச்ச பந்தியில ஒருத்தன் பாதி வயித்தோட எழுந்திரிச்சதில்ல. சாம்பார் சாதத்துல ஒருத்தன் விழுந்தான்னா, அவன் பசியோடதானே போறான்? அது எப்படிம்மா மனசு வரும்?"

இந்த மனுஷனை எத்தனை தப்பாக நினைத்துவிட்டோம் என்று ஷிஃபாவுக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சத்துக்கு அடியில் வேறு ஏதோ குறுகுறுத்தது.

"அப்ப எப்ப சாகலாம் மாமா?"

கேட்டது நியாயமான கேள்வி. பஞ்சநதம் மோவாயைத் தடவிக்கொண்டு தீவிரமாக யோசித்தார்.

"ரசம் ஆகணும். பாயசம் ஆகணும். மோர் சாதம் முடியணும். இலையை மடிச்சு, கையைக் கழுவி, ஒரு ஏப்பம் விடணும். அதுக்கப்புறம் வெத்தலை. நல்ல கொழுந்து வெத்தலையா எடுத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி மடிச்சு, கையில குடுத்து, 'திருப்தியா சாப்பிட்டீங்களா?'ன்னு ஒரு வார்த்தை கேக்கணும். ஆமான்னு சொன்னதுக்கப்புறம் போகட்டும். வெத்தலையில வச்சுடலாம்."

"யாரு மடிச்சுக் குடுக்கறது?"

"இதென்ன கேள்வி? நான்தான் குடுப்பேன். பந்தி விசாரிச்சவன் இருக்கும்போது வேற எவன்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது மெதுவாக அவருக்கு உறைத்தது.

முதலில் வாய் திறந்தது பிரகதாம்பாள். "ரொம்ப யோசிக்காதீங்க, ஒத்துக்கங்க. ஊருக்கெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு கேப்பாரு, வீட்டுல எனக்கு ஒரு நாள் ஒரு கரண்டி ரசம் ஊத்தினதில்ல. இவரு கொலைகாரர்தான் ஷிஃபா, நீ எடுத்துக்க."

பஞ்சநதம் வெட்கப்பட்டுச் சிரித்தார். சிரித்ததும் மண்டபம் கைதட்டியது.

ஷிஃபா கைதட்டவில்லை. அவள் தலைக்குள் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. பரிதி கொலைகாரனை எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்பதுதான் கதையில் அவளுக்கே பிடிக்காத இடம். அறுந்த சட்டைப் பொத்தான் ஒன்றை அங்கே போட்டு ஒப்பேற்றி வைத்திருந்தாள். இப்போது பொத்தான் எதற்கு? முதலாளி ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டுத்தான் செத்திருக்கிறார். கொல்ல நினைத்தவனுக்குப் பந்தி முழுக்கச் சந்தர்ப்பம் இருந்தும் காத்திருக்கிறான். ஏன்? எதிரியாகவே இருந்தாலும் பசியோடு அனுப்ப மனசு வராத ஒரே ஒரு ஆள் அந்த மண்டபத்தில் இருந்தார். வேறு யாராக இருக்க முடியும்! அவள் "ராம்கி!" என்று கத்திய கத்தலில் வாசலில் நின்ற ஜெக்கரியா என்னவோ ஏதோவென்று உள்ளே ஓடிவந்தார். சந்தோஷத்தில் அவள் தாய்மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

அன்றைக்கே எடுத்தார்கள். சிங்காரவேலு ரசம், பாயசம், மோர் என்று ஒன்று விடாமல் சாப்பிட்டு, இலையை மடித்து, கை கழுவி வந்தார். பஞ்சநதம் வெற்றிலையை மடித்துக் கையில் கொடுத்து, லேசாகக் குனிந்து, கல்யாணம் கல்யாணமாக அவர் கேட்கும் அதே குரலில், அதே சிரிப்போடு, "திருப்தியா சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

வெற்றிலையை மென்றுகொண்டிருந்த சிங்காரவேலு அந்தச் சிரிப்பைப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"இதுல நிஜமா ஒண்ணும் இல்லியே?"

அதுவே போதும் என்று ஷிஃபா முடிவு செய்துவிட்டாள். சாவதை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். மணி மூன்றாகிவிட்டதென்று செத்தவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வயலுக்கு ஓடினார்.

விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தபோது பஞ்சநதம் அவளிடம் வந்தார். "நீ சாப்பிட்டியாம்மா?"

"அப்புறம் சாப்பிட்டுக்கறேன் மாமா, இன்னும் வேலை..."

"உக்காரு."

அவரே இலையைப் போட்டார். நுனி இடப்பக்கம். ராம்கியும் பரிதியும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சமையல்காரர் வாளியோடு வர, பஞ்சநதம் இலைக்கு இலை குனிந்து கேட்டுக்கொண்டே வந்தார். வருஷக்கணக்காகத் திரையில் வெட்டி ஒட்டிய முகம், முதல் தடவையாக ஷிஃபாவுக்காகக் குனிந்தது. கூட்டு வேண்டும் என்றாள். ரசம் இன்னும் கொஞ்சம் என்றாள். பாயசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டாள். இத்தனை பசி தனக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது.

மோர் சாதம் முடித்து, இலையை மடித்து, கை கழுவிவிட்டுத் திரும்பினாள். பஞ்சநதம் மடித்த வெற்றிலையோடு நின்றிருந்தார்.

"திருப்தியா சாப்பிட்டியாம்மா?"

ஷிஃபா அந்தச் சிரிப்பை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு தானும் சிரித்துக்கொண்டே வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.