மூச்சுக்குழாய் வைத்த வண்டி

1

ஒரு வண்டி மணலில் புதைந்ததால் எழுதப்படும் கதை இது. புதைத்தது வேறு யாருமில்லை, இதை எழுதுகிற ஆளேதான். நல்ல வெளிச்சம், நல்ல கண்பார்வை, பின்னிருக்கையில் கூரை தொடும் அளவுக்குக் கருவிகள். எல்லாம் இருந்தும் வண்டி அச்சு வரைக்கும் இறங்கி, அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்துவிட்டது. கடல் வேறு ஏறிக்கொண்டிருந்தது. காரணம் என்னவென்றால்—

(காரணத்தை இங்கேயே சொல்லிவிட்டால் மூன்றாம் பகுதிக்குப் பிழைப்பு இல்லை.)

முதல் வரைவில் ‘நான் வண்டியைப் புதைத்தேன்’ என்றுதான் இருந்தது. முதல் வாசகி அதைச் சிவப்புப் பென்சிலால் சுழித்தாள். முதல் வாசகி என்பது மனைவி. பதிப்பகம் ஒன்றில் பிழை திருத்துபவள். சாப்பாட்டு மேஜைதான் அவளுடைய அலுவலகம். உப்பு ஜாடியைக்கூட ஒற்றெழுத்து விட்டுப்போன மாதிரிதான் பார்ப்பாள்.

“‘நான்’னு எழுதினா நீங்க ரொம்பப் பாவமாத் தெரியறீங்க. மாத்துங்க.”

‘அவர்’ என்று மாற்றப்பட்டது.

“யாரு இந்தப் பெரிய மனுஷன்?”

ஆகவே இனி ‘அவன்’.

2

எங்கிருந்து தொடங்குவது என்பதில் அவனுக்குக் குழப்பம். எழுதிக் கைவிட்டவற்றில் இரண்டை இங்கே விட்டுவைக்கிறேன். மன்னிக்கவும், விட்டுவைக்கிறான்.

‘கடல் அவனை அழைத்துக்கொண்டே இருந்தது—’

(ஓரத்தில் சிவப்புப் பென்சில்: போனை எடுத்துப் பேச வேண்டியதுதானே?)

‘மனைவி இறந்த பிறகு, அவளுக்குப் பிடித்த அந்தக் கடல்முனைக்குப் போவதற்கென்றே அவன் ஒரு பழைய வண்டியை வாங்கினான்—’

இதைப் படித்தபோது அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் எப்பங்க செத்தேன்?”

“கதைக்காக.”

“கதைக்காகன்னா பரவாயில்ல. ஆனா நான் போனப்புறம் உங்களுக்கு எதுக்கு வண்டி? பஸ்ல போங்க.”

உண்மையைச் சொல்வதுதான் சுலபம் என்று தெரிந்தது. இதோ.

ஊரைத் தாண்டித் தார்ச்சாலை ஓர் இடத்தில் முடிந்துபோகும். அங்கிருந்து மணலில் நடந்தால், நிலம் வளைந்து கடலுக்குள் கொக்கிபோல நீளும் முனை ஒன்று வரும். கொக்கியின் உட்புறத்தில் தண்ணீர் தொட்டியில் வைத்ததுபோல அசையாமல் நிற்கும். ஞாயிறு தவறாமல் அவள் அங்கே நீந்தினாள். அவன் கரையில் உட்கார்ந்து அவளுடைய துண்டையும் செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் காவல் காத்தான். அவை திருடு போனதே இல்லை. அந்த அளவில் அவன் வெற்றிகரமான கணவன். தண்ணீரில் இறங்குவது பற்றி அவனுக்கென்று ஒரு கொள்கை உண்டு. இறங்குவதில்லை என்பதே அது.

பிறகு அவள் பதிப்பக மாடிப்படியில் விழுந்தாள். இடுப்பில் தகடு வைத்தார்கள். கைத்தடி வந்தது. தளத்தில் கைத்தடி நல்ல துணை. மணலில் அது தானும் புதைந்து ஆளையும் இழுக்கும். அதனால் அவள் முனைக்குப் போவதை நிறுத்தினாள். கடல் என்ற சொல்லையே நிறுத்தினாள். எழுதுகிறவன் கையில் யாருடைய மௌனமாவது கிடைத்தால் சும்மா விடமாட்டான், உட்கார்ந்து அர்த்தம் நிரப்பத் தொடங்கிவிடுவான். அவனும் நிரப்பினான்: அவள் கடலுக்காக ஏங்குகிறாள்.

ஒரே ஒரு முறை கேட்டும் பார்த்தான்.

“அந்தப் பக்கம் ஒரு நாள் போகலாமா?”

“பார்க்கலாம்,” என்றாள்.

அந்தப் ‘பார்க்கலாம்’ ஒன்றை நம்பித்தான் வண்டி வாங்கப்பட்டது.

3

(இந்தப் பகுதி வண்டி புதைவதற்கு முன்பே எழுதப்பட்டது. ‘பழைய வண்டியைக் கடற்கரைக்குத் தயார்செய்வது எப்படி’ என்ற கட்டுரையாகத்தான் அவன் இதைத் தொடங்கினான். வாக்கியங்களில் தெரியும் மமதையை அப்படியே விட்டிருக்கிறோம், ஆதாரத்துக்காக.)

கடற்கரைக்குப் போகிற வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது வயிற்றை. மேலே பூசிய வண்ணத்தில் மயங்குகிறவன் ஏமாறுவான். அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு மின்னினால், அதன் பின்னால் துரு ஒளிந்திருக்கிறது என்று பொருள். குனிந்து, திருப்புளியின் பிடியால் சட்டத்தைத் தட்டுக. ‘டங்’ என்றால் இரும்பு. ‘பொத்’ என்றால் எழுந்து கும்பிடு போட்டுவிட்டு வருக.

(நடந்தது: மச்சானும் கூட வந்திருந்தான். மச்சான் என்பது மனைவியின் தம்பி. உதவிக்கு வருவான், சிரிக்க நிற்பான். ஒரு வண்டியில் அவன் தட்டியபோது திருப்புளி உள்ளேயே போய்விட்டது. விற்பவர் அசரவில்லை. “அது காத்தோட்டத்துக்கு விட்டது சார்,” என்றார்.)

புதிய வண்டிகளில் எல்லாம் கணினி. உப்புக்காற்று பட்டால் அதற்கு மூளை கலங்கும். பழைய டீசல் வண்டிக்குக் கலங்க மூளை இல்லை. அதனால் அவன் தேர்ந்தெடுத்தது பழசு: பீரோவைப் படுக்கவைத்ததுபோல ஓர் உருவம், பச்சையா சாம்பலா என்று முடிவெடுக்காத நிறம், ஆனால் தட்டிய இடமெல்லாம் ‘டங்’.

மணலில் டயர் கெட்டியாக இருக்கக் கூடாது. காற்றைப் பாதியளவுக்கு இறக்கினால் டயர் அகலமாகப் படிந்து, மணலை வெட்டாமல் மேலே மிதக்கும். திரும்பும்போது மறுபடி நிரப்பக் கையோடு ஒரு காற்றுப் பம்ப் வேண்டும். மண்வெட்டி வேண்டும். சக்கரத்துக்கு அடியில் செருகப் பல் வைத்த பலகைகள் வேண்டும். ஜாக்கி மணலில் இறங்காதிருக்க அடியில் வைக்க ஒரு கட்டை வேண்டும். பிறர் இழுக்க உறுதியான கொக்கி வேண்டும். பிறர் வேண்டும்.

மிக முக்கியமானது: பழைய வண்டியில் உள்ளே இருக்கும் லீவரைத் தள்ளிவிட்டால் நாலு சக்கரமும் இழுக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இறங்கிப் போய், முன்சக்கரங்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் இருக்கும் குமிழைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் முன்சக்கரங்கள் சும்மா உருளும். உழைப்பது பின்னால் உள்ள இரண்டு மட்டுமே. இதை மறக்கிறவனுக்கு வண்டி எதற்கு?

(கடைசி வாக்கியத்தை நீக்கலாமா என்று அவள் பிற்பாடு கேட்டாள். கேட்ட தொனி நன்றாக இல்லை.)

கடைசியாக, வண்டிக்கு ஒரு மூச்சுக்குழாய் வைத்தான். முன்கண்ணாடி ஓரமாக மேலேறிக் கூரை உயரத்தில் காற்று வாங்கும் கறுப்புக் குழாய். தண்ணீர் ஏறினாலும் எஞ்சினுக்கு மூச்சுத் திணறாது.

மச்சான் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். “அத்தான், வண்டி நீந்தப் போகுதா? நீங்க முழங்கால் தண்ணிக்கே மூஞ்சி வெளுப்பீங்க. குழாயை உங்களுக்கு வெச்சிருக்கலாம்.”

மெக்கானிக்கிடம் அவன் கேட்டான், “நேராச் சொல்லுங்க, இது மணல்ல போகுமா?”

“போகும்னும் சொல்லலாம் சார். போகாதுன்னும் சொல்ல முடியாது. மணல்னு ஒண்ணு இருக்குல்ல?”

மச்சானிடம் கேட்டான். “போறதுக்கு என்ன அத்தான், திரும்பி வரணும்.”

அவளுக்காக மடக்கு நாற்காலி, நிழலுக்குப் பக்கவாட்டில் விரியும் துணிக்கூரை, காலைத் தூக்கி வைக்க ஒரு சின்ன முக்காலி எல்லாம் ஏற்றினான். அவள் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நீ வர்றியா என்று அவன் அங்கிருந்தே சைகையில் கேட்டான். அவளும் சைகையில் ‘பார்க்கலாம்’ என்றாள். அந்தச் சொல்லுக்குச் சைகை உண்டு என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

4

அவளை அழைத்துப்போகும் முன் ஓர் ஒத்திகை வேண்டும் என்று அவனும் மச்சானும் மட்டும் போனார்கள். தார்ச்சாலை முடிகிற இடத்தில் காற்றை இறக்கினான். காற்றழுத்த மானியை வைத்து அளந்தான். அளந்ததை மறுபடி அளந்தான். லீவரைத் தள்ளினான். தள்ளும்போது முகத்தில் ஒரு கம்பீரம் வந்ததாக மச்சான் இன்றுவரை நடித்துக் காட்டுகிறான்.

ஈரமணலில் வண்டி வெண்ணெயாகப் போனது. போதாதா? போதாது. முனையைப் பார்த்ததும் அவனுக்குத் துணிக்கூரையை எங்கே விரிப்பது, நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று யோசனை ஓடியது. யோசனையோடு மேட்டுப் பக்கம் திருப்பினான். அங்கே மணல் மாவு. வண்டி முனகியது. மிதித்தான். பின்சக்கரங்கள் குழி தோண்டி அதில் குடியேறின.

“ஏன் அத்தான், முன்சக்கரம் சும்மா இருக்கு?”

“அது அப்படித்தான். மணல் அப்படி,” என்றான் அவன், கட்டுரை எழுதிய அதே வாயால்.

பலகைகளைச் செருகினார்கள். ஒன்றை மணல் விழுங்கியது. கடைசிவரை திருப்பித் தரவில்லை. மண்வெட்டியால் வெட்ட வெட்ட, வெட்டிய இடம் சரிந்து நிரம்பியது. அலையின் நுரை ஒன்று மேலேறி வந்து பின்டயரை முகர்ந்துவிட்டுப் போனது. அவன் சட்டென்று மேட்டில் ஏறி நின்றான். வண்டி தண்ணீரில், உரிமையாளர் கரையில். மூச்சுக்குழாய் தலையை நிமிர்த்தி, ஒன்றுக்கும் கவலைப்படாமல் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

5

(ஐந்தாம் பகுதியில் மனிதன், மணல், காலம் மூன்றையும் பற்றிச் சிந்தனைகள் இருந்தன. அவள் மூலைக்கு மூலை கோடு இழுத்துவிட்டாள். ஓரக்குறிப்பு: ‘வண்டி நிக்குது, தண்ணி ஏறுது, இப்ப எதுக்கு இது?’)

6

மச்சான் போனை எடுத்தான்.

“வேண்டாம்டா. அவகிட்ட மட்டும் சொல்லாத.”

“அக்கா? அத்தான் கடற்கரையில வண்டியை நட்டுட்டார். முளைக்குமான்னு பார்த்துட்டிருக்கோம்.” கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை நீட்டினான். “உங்ககிட்டதான் பேசணுமாம்.”

அவள் குரலில் பதற்றமே இல்லை. “உங்க கட்டுரையைத்தான் திருத்திட்டு இருக்கேன். ‘மிக முக்கியமானது’ன்னு போட்டு ஒண்ணு எழுதியிருக்கீங்களே, அதைச் செஞ்சீங்களா?”

“எது?”

“ரெண்டு குமிழ். இறங்கிப் போய்த் திருப்பணுமாமே.”

அவன் முன்சக்கரத்தைப் பார்த்தான். நீங்களும் மூன்றாம் பகுதியைப் படித்தீர்கள். நான்காம் பகுதி முழுக்க அவன் மண்வெட்டியோடு அல்லாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

“‘இதை மறக்கிறவனுக்கு வண்டி எதற்கு?’ன்னு இருக்கு,” என்றாள் அவள். “இதை நீக்கிடலாமா?”

குமிழ்களைத் திருப்பினான். இடப்பக்கம் ஒரு ‘டக்’, வலப்பக்கம் ஒரு ‘டக்’. மிச்சமிருந்த பலகையைச் செருகி, மெல்ல மிதித்தான். முன்சக்கரங்கள் தூக்கம் கலைந்து எழுந்ததுபோல மணலைக் கவ்வின. வண்டி உதறிக்கொண்டு வெளியே வந்தது. அடுத்த அலை காலிக் குழியை நிரப்பியது.

“இதை நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் அத்தான்,” என்றான் மச்சான். வீடு வந்து சேரும் முன்பே மெக்கானிக் போன் செய்து நலம் விசாரித்தார்.

7

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை, ஏனென்றால் வண்டி எதற்காக வாங்கப்பட்டதோ அது நடக்கவில்லை. அவன் மூன்று முடிவுகள் எழுதி அவளிடம் கொடுத்தான்.

முதல் முடிவு: அவள் வருகிறாள். துணிக்கூரையின் நிழலில், நாற்காலியில் உட்கார்ந்து, கண்கலங்கக் கடலைப் பார்க்கிறாள்.

(சிவப்புப் பென்சில்: யார் இவள்?)

இரண்டாவது: அவள் கடைசிவரை வரவில்லை. அவன் வண்டியை விற்கிறான். வாங்குபவரின் ‘மணலில் போகுமா’ என்ற கேள்விக்கு ‘மணல்னு ஒண்ணு இருக்குல்ல’ என்கிறான்.

(நல்லா இருக்கு. ஆனா பொய்.)

மூன்றாவது: கடல் வந்து வண்டியை—

(வேண்டாம்.)

அவன் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். வெளியே வண்டி கழுவப்பட்டு நின்றது. உப்பு போக அடிவயிறு வரைக்கும் நல்ல தண்ணீரால் அடித்திருந்தான், இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“இந்தக் கதையில எனக்குப் பிடிபடாத ஆள் நீதான்,” என்றான். “உன் வாயில எதை வெச்சாலும் பொருந்த மாட்டேங்குது.”

“நீங்களே எல்லாத்தையும் வெச்சா எப்படிப் பொருந்தும்? என்னைக் கேட்டீங்களா?”

“கேட்டேனே. பார்க்கலாம்னு சொன்ன.”

“நீங்க ‘போகலாமா’ன்னு கேட்டீங்க. போய் என்ன பண்றதுன்னு கேட்டீங்களா?”

அவன் மேஜையிலிருந்த தாள்களைச் சேர்த்து, தட்டி, ஓரம் சரிபார்த்து வைத்தான். பிறகு அதே வேலையை இன்னொரு தடவை செய்தான்.

“சரி. கேக்கறேன். நேரா ஒரு பதில் சொல்லு, கதைக்காக இல்ல. உனக்கு அங்க வர ஆசை இருக்கா, இல்லையா?”

இதற்கு மேல் எழுதுகிறவனுக்கு இந்தக் கதையில் வேலையில்லை. அவள் பதிலைக் கேட்டு அவன் என்ன செய்தான் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் தண்ணீருக்கு அவன் முகம் எப்படி ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும், முனையின் உட்புறத்தில் அலை இல்லை என்பதும் தெரியும்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வரமாட்டேன். அந்த நாற்காலியைக் கண்டாலே எரிச்சலா வருது, அதை இறக்கி வெச்சிடுங்க. நீந்தறதா இருந்தா வர்றேன். என் காலு மணல்லதான் சரியில்ல, தண்ணியில நல்லாத்தான் இருக்கும். ஆனா விழுந்ததுலேருந்து தனியா இறங்கப் பயமா இருக்குங்க. நீங்க என்கூட இறங்கணும், கழுத்தளவு. துண்டையும் செருப்பையும் வண்டி பார்த்துக்கும்.”