மழை பிடித்து வைத்த மேசை

தேக்கா உணவங்காடியின் தூண் ஓரத்து மேசையில் மழை உட்கார்ந்திருக்கிறது. கூரையில் ஓட்டை கிடையாது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தாயிற்று. பக்கத்து மேசைகளில் ஒரு சொட்டும் தெறிப்பதில்லை. ஊர் சுற்றிப் பார்க்க வந்த ரஞ்சிதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த மேசையிலிருந்து ஒரு குடையை எடுத்ததிலிருந்து இப்படித்தான்.

அவள் கணவன் கதிரேசன் ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டர். கல்யாண விடுப்பு தீர்ந்த கையோடு திரும்பியவன். அந்த விடுப்பிலும் வீட்டு ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவளுக்குச் சோறு. அதன்பின் அவன் சாப்பிடுவதை அவள் பார்த்ததெல்லாம் கைபேசித் திரையில். சுற்றுலா விசாவில் வந்தபோதும் தொழிலாளர் விடுதியில் மனைவிக்கு இடமில்லை என்பதால் புக்கிட் மேராவில் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் தங்கினாள். என்ன பார்க்க வேண்டும் என்று அவன் கேட்டதற்கு, "எங்கயாச்சும் எதிரும் புதிருமா உக்காந்து ஒருவேளை சாப்பிடணும்" என்றாள். அவனுக்கு ஓய்வு கிடைத்ததோ அவள் விமானம் ஏறும் நாளில்.

அன்று விடிந்ததிலிருந்து மழை. சிங்கத்தலை மெர்லயன் சிலை துப்பிய தண்ணீர் மழைக்குள் காணாமல் போனது. பாடாங் திடலுக்கு எதிரே வெள்ளைக்காரன் கட்டிய தூண்களின் கீழே ஒதுங்கினால், பெஞ்சு முழுக்க ஈரக் குடைகள் சாய்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. அருங்காட்சியகத்தில் எப்போதோ செத்துப்போன வியாபாரி ஒருவரின் நாற்காலி காலியாக இருந்தது. சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். ரஞ்சிதத்துக்கு வயிறு எரிந்தது. "செத்தவருக்கு நாற்காலி இருக்கு. நமக்கு இல்லையா?" என்றாள்.

இந்த ஊரில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டையோ குடையையோ வைத்துவிட்டால் ஆள் உட்கார்ந்த மாதிரி. யாரும் தொடமாட்டார்கள். தேக்காவில் அன்று டிஷ்யூக்களும் குடைகளும்தான் உட்கார்ந்திருந்தன. மனிதர்கள் சூடான தட்டோடு நின்றார்கள். தூண் ஓர மேசையிலிருந்த பூப்போட்ட குடையை ரஞ்சிதம் எடுத்துவிட்டாள்.

அதன் சொந்தக்காரி மோகனப்பிரியா, அலுவலகத்தில் வேலை செய்யும் இளம்பெண், தட்டோடு வந்தாள். "அக்கா, அது என் இடம் லா. குடை வெச்சிருந்தேனே."

"ஆளு நிக்கிது, குடை உக்காந்திருக்கு. ஒங்க ஊர்ல குடைதான் பிரியாணி திங்குமா?"

"விடு ரஞ்சிதம், இங்க இதான் பழக்கம்" என்றான் கதிரேசன்.

"ஒங்களுக்கு எதுதான் பழகல? நின்னுகிட்டே வாழவும் பழகிட்டீங்க."

பேச்சு முற்றிய நேரத்தில் மழை வாசல் வழியாக உள்ளே வந்தது. தரையில் ஈரக்கோடு இழுத்தபடி நடந்து, காலியாகக் கிடந்த மேசையில் உட்கார்ந்து பெய்யத் தொடங்கியது. பிரியாணிக் கடை நெய்னா முகம்மது எட்டிப் பார்த்து, "நீங்க சண்ட போட்டீங்க, அது உக்காந்திருச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குச் சோறு அள்ளினார்.

எழுந்திரு என்று ரஞ்சிதம் அதட்டியும் மழை அசையவில்லை. சாங்கி விமான நிலையத்துக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. பிரியாணியைப் பொட்டலம் கட்டிக்கொண்டார்கள். ரயிலிலும் சாப்பிடக் கூடாது. போவதற்குமுன் அவள் மழையிடம் கோபம் தணியாமல் சொன்னாள்: "காலைலேர்ந்து பின்னாடியே வந்து எங்க எடத்தையே புடிச்சுட்ட. சரி, வேற யாருக்கும் விட்டுராத. நான் வருவேன்."

மழை விடவில்லை. வைத்த டிஷ்யூ கரைந்தது, வைத்த குடை தானே விரிந்து வெளியே பறந்தது. மேசையை மாற்றினார்கள், புது மேசையிலும் மழை இருந்தது. கதிரேசன் ஞாயிறுதோறும் அதன் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டான். வேறு இடத்தில் உட்கார அவனுக்கு மனம் வரவில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு ஞாயிறன்று ரஞ்சிதம் விமானத்திலிருந்து இறங்கி, பெட்டியோடு நேராக அங்கே வந்தாள். "வந்துட்டேன்" என்றாள். மழை எழுந்து தூண் ஓரம் போய் நின்றது. இரண்டு நாற்காலிகளும் காய்ந்திருந்தன. எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். கதிரேசன் தட்டை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னைப் பாத்தது போதும், தட்டப் பாருங்க" என்றாள்.

தட்டோடு இடம் தேடி வந்த மோகனப்பிரியா அவளை அடையாளம் கண்டுகொண்டாள். "முடிச்சிட்டீங்களா அக்கா?"

"இரும்மா. இன்னொரு பிளேட் சொல்லிருக்கோம்."

சாயங்காலம் வரை சாப்பிட்டார்கள். மழை நின்றுகொண்டே காத்திருந்தது. அவர்கள் எழுந்ததும் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. அங்கே ஆள் இருப்பதைப் பார்த்து, மோகனப்பிரியா தன் குடையை வேறு மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.