கிளாரி சொன்ன ஒரு சொல்

அமெரிக்காவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த கோரினுக்குக் குவீன்ஸ்லாந்தின் வெயிலே இன்னும் பழகவில்லை. மாட்டுப் பண்ணை வீட்டில், வெளியே போன ஆட்களோடு பேசும் ரேடியோவைக் கவனிப்பது அவள் பொறுப்பு. அன்று விடிந்ததிலிருந்தே புழுதிக் காற்று. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. ரேடியோ கரகரத்தது. தண்ணீர்த் தொட்டிகளைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் போயிருந்த கிளாரி கூப்பிட்டார்; பண்ணையின் பழைய ஆள்.

"கண்ணு, நான் புஷ்ட் ஆயிட்டேன்."

"அடடா! அப்ப எங்கேயும் போகாதீங்க. நிழலாப் பார்த்து உட்காருங்க."

"உட்காரவா?"

"ஆமா. அசையக் கூடாது, சொல்லிட்டேன்."

அவர் மேலே ஏதோ சொன்னதை இரைச்சல் விழுங்கிவிட்டது. வயதான மனிதர், களைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு கோரின் மாவு பிசையப் போனாள்.

மதியம் சாப்பிட வந்த கணவன் ராய்ஸ், தொப்பியைக் கழற்றியபடியே கேட்டான்.

"கிளாரி கூப்பிட்டாரா?"

"காலையிலேயே கூப்பிட்டார். புஷ்ட் ஆயிட்டேன்னார். ஓய்வெடுக்கச் சொன்னேன்."

ராய்ஸின் முகம் வெளிறியது.

"ஓய்வா? என்ன சொல்றே நீ?"

"எங்க ஊர்ல களைச்சுப்போனா அப்படித்தானே சொல்வோம்?"

"இங்க அதுக்கு வழி தப்பிட்டேன்னு அர்த்தம், கோரின்! காட்டுக்குள்ள திக்குத் தெரியாம நிக்கறேன்னு அர்த்தம்!"

 கோரின் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு அவனுக்கு முன்னே ஓடி வண்டியில் ஏறினாள்.

வண்டித்தடத்தைக் காற்று துடைத்துப் போட்டிருந்தது. எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி முல்கா மரங்கள். ரேடியோவில் எத்தனை கூப்பிட்டும் பதிலில்லை. ராய்ஸ் அவளைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் கண்ணைச் சுருக்கி மரங்களுக்கிடையே தேடிக்கொண்டே ஓட்டினான். ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தியபோது அவள்தான் முதலில் மூக்கைச் சுளித்தாள்.

"ரப்பர் எரியற வாசனை வரலை?"

காற்று வந்த திசையிலேயே ஓட்டினார்கள். மோட்டார் சைக்கிளின் டயரைக் கழற்றிக் கொளுத்தி வைத்துவிட்டு, மரத்தடியில் சாய்ந்து கிடந்தார் கிளாரி. உதடு பாளம் பாளமாய் வெடித்திருந்தது.

"ஏம்ப்பா, கல்யாண ஊர்வலமா வர்றீங்க? இவ்வளவு நேரமா?"

கோரின் கேனை அவர் வாயருகே பிடித்தாள். அவசரத்தில் தண்ணீர் அவர் சட்டையெல்லாம் சிந்தியது.

"நீங்க களைச்சுப்போயிட்டீங்கன்னு நினைச்சுட்டேன். அதான் உட்காரச் சொன்னேன். மன்னிச்சிடுங்க."

கிளாரி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"காட்டுல சிக்கினவன் நின்ன இடத்துலயே நிக்கணும்ங்கறது தெரிஞ்சவள்னுல்ல நான் நினைச்சேன்! எனக்கே பாடம் சொல்றாளேன்னு கோபம் கோபமா வந்துச்சு. இருந்தாலும், சின்னப் பொண்ணு சொல்றதும் சரிதானேன்னு வண்டியை அணைச்சேன்."

"எந்தப் பக்கம் போகப் பார்த்தீங்க?" என்றான் ராய்ஸ்.

கிளாரி கையை நீட்டினார். அந்தத் திசையில் வேலியும் இல்லை, தண்ணீரும் இல்லை, பாலைவனம்தான். ராய்ஸ் மனைவியின் தோளில் கை வைத்தான்.

அவளுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெடித்தது.

"அழறதை அப்புறம் வெச்சுக்க கண்ணு," என்றார் கிளாரி. "முதல்ல அந்தத் தண்ணியை இப்படிக் குடு."