நெடுமாறன் எண்டர்பிரைசஸ் கிளவுடுக்குப் போகிறது

நெடுமாறன் சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. மெயின் பஜார் மாடியில் அவர் நடத்தும் கம்பெனி, சுரங்கத்துக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை அனுப்புகிறது. ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர். அதற்கும் மூன்று ஷிஃப்ட். மாற்று ஆள் வந்து பக்கத்தில் நிற்காமல் முந்தைய ஆள் நாற்காலியை விட்டு எழக் கூடாது. மண்ணை வாரும் ராட்சத இயந்திரத்துக்கு உள்ள சட்டம் அந்த மேசைக்கும் உண்டு.

முதல் ஷிஃப்ட் எவாஞ்சலின். கேட் பாஸ், வருகைப்பதிவு எல்லாம் அவள் அடிப்பதுதான். சேர்ந்த நாளிலிருந்து கான்ட்ராக்ட். கணவன் ஜாஸ்பரும் அதே கம்பெனி மூலம் சுரங்கத்துக்குள் போகிறவன்; அவனும் கான்ட்ராக்ட். அந்த வீட்டில் பெர்மனன்டாக இருந்தது கூரை ஒழுகல் ஒன்றுதான்.

ஒருநாள் நெடுமாறன் கடலூரில் ஏதோ கூட்டத்துக்குப் போய்வந்தார். வந்ததிலிருந்து கிளவுட், கிளவுட் என்றே பேச்சு; கம்பெனிப் பதிவெல்லாம் இணையத்தில் எங்கோ மேகத்தில் இருக்குமாம். இனி நாம் மேலிருந்து வேலை செய்யப்போகிறோம் என்றார். இப்போதும் மாடியில்தானே இருக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. ஆயத்தம் செய்து தரச் சென்னையிலிருந்து ராஜ்மோகன் என்ற ஆலோசகர் வந்தார். வாய்க்கு வாய் 'டிஜிட்டல் பயணம்' என்றாரே தவிர, ஏசிக்கு நேராகப் போட்டிருந்த நாற்காலியை விட்டு அவர் நகரவில்லை. அங்கிருந்தபடியே அறிக்கையைச் சொல்லச் சொல்ல எவாஞ்சலின் அடித்தாள். கிளவுடுக்குப் போனபின் தேவைப்படாதவை: பழைய பிரிண்டர், ஷிஃப்ட் ஆபரேட்டர்கள் மூவர். பிழையில்லாமல் அடித்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு உட்கார்ந்தால் எழ வேண்டும்போல, எழுந்தால் உட்கார வேண்டும்போல இருந்தது.

அதைவிட ஒரு விஷயம் அரித்தது. அந்தக் கம்ப்யூட்டரை முதன்முதலில் திறந்தவர் கோபாலகிருஷ்ணன் என்ற ஆபரேட்டர். பாஸ்வேர்டு அவருக்கு மட்டும் தெரியும். பிறகு யாரும் அதை மூடவே இல்லை. நாற்காலி கைமாறியதுபோல திறந்த திரையும் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கைமாறியது. மின்சாரம் பிறக்கிற ஊரில் கரண்ட் எங்கே போய்விடும்? கோபாலகிருஷ்ணன்தான் இரண்டு வருஷத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். திரை இருண்டால் பாஸ்வேர்டு கேட்குமே என்று மூன்று ஷிஃப்டும் மவுஸை ஆட்டிக்கொண்டே இருந்தன.

வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்து எழுப்ப வேண்டும் என்று ராஜ்மோகன் சொல்லியிருந்தார். இரண்டாம் ஷிஃப்ட் சிலம்பரசனிடம் எவாஞ்சலின் புலம்பினாள்.

"நீ வாய மூடிகினு இரு அக்கா. அவரே அணைக்கட்டும். அப்பறம் நம்மகிட்டதான் கெஞ்சிகினு வருவாரு."

கெஞ்சினால் மட்டும் தெரிந்துவிடுமா? பாஸ் அடிக்க முடியாவிட்டால் மறுநாளே ஆட்களைக் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். ஜாஸ்பரையும்தான். சொன்னால் கிளவுட் வந்து தன் வேலை போகும். சொல்லாவிட்டால் எல்லார் வேலையும் நிற்கும்.

வெள்ளிக்கிழமை மானிட்டருக்கு மாலை போட்டிருந்தார்கள். நெடுமாறன் சொற்பொழிவாற்றினார். எவாஞ்சலின் இரண்டு தடவை தண்ணீர் குடிக்கப் போய், குடிக்காமல் திரும்பினாள். அவர் விரல் அணைக்கும் பட்டனை நெருங்கியது.

"சார், கைய எடுங்க. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாதுங்க."

"யாரு பேருல ஓடுது?" என்றார் நெடுமாறன்.

"கோபாலகிருஷ்ணன் சார் பேருலங்க."

"அவரு செத்துட்டாரே."

"ஆமாங்க. ஆனா லாக்-அவுட் பண்ணலைங்க."

ராஜ்மோகன் முதன்முறையாக நாற்காலியை விட்டு எழுந்தார். திரை திறந்திருக்கும்போதே உள்ளே புதுக் கணக்கு ஒன்றை உண்டாக்கினார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பிறகுதான் தேங்காய் உடைந்தது. இனி எந்த கேட்டிலிருந்து எந்த சூப்பர்வைசர் கிளவுடுக்குள் போனாலும் ஒரே ஃபோனுக்கு ரகசிய எண் வரும், உடனே படித்துச் சொல்ல வேண்டும் என்றார். ஓனர் நம்பர்தான் என்று நெடுமாறன் நெஞ்சை நிமிர்த்தித் தன் நம்பரைக் கொடுத்தார். எவாஞ்சலினை மாசக் கடைசிவரை வரச் சொன்னார்.

அதன்பின் அவர் ஃபோன் அடங்கவில்லை. சவரம் பாதியில் நின்றது. கல்யாணப் பந்தியில் இலையை விட்டு எழுந்து எண் படித்தார். மத்தியானத் தூக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போனது. கண் சிவந்து ஒருநாள் அவள் மேசை அருகே வந்து நின்றார்.

"உன் நம்பர் சொல்லும்மா, போட்டுக்கலாம்."

"எதுக்குங்க சார்? நான் மாசக் கடைசி வரைக்கும்தானேங்க."

ஃபோன் அடித்தது. கேட்டில் ஆட்கள் வரிசையில் நிற்பதாகச் சூப்பர்வைசர் கத்தினார். எண்ணைப் படித்து முடித்த நெடுமாறன், சரி, இருந்துக்கோ என்றார்.

"கான்ட்ராக்டாவா சார், பெர்மனன்டாவா?"

அவர் யோசிப்பதற்குள் மறுபடி அடித்தது.

"பெர்மனன்ட்."

அதைத் தாளில் அடித்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய பிறகே நம்பரைச் சொன்னாள்.

கம்ப்யூட்டர் முன்னிருந்த நாற்காலியை எடுத்துவிட்டார்கள். மற்ற இருவரையும் அனுப்பிவிட்டார்கள்; சிலம்பரசன் வடலூரில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிற்கிறான். எவாஞ்சலினுக்கு இப்போது ஷிஃப்ட் கிடையாது. சைக்கிளை மரத்தடியில் நிறுத்தி எண் சொல்கிறாள். கோயிலில் முழங்காலிட்டிருக்கும்போது முக்காட்டை வாய்வரை இழுத்துக்கொண்டு சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது ஜாஸ்பர் கேட்டான், நினைத்ததெல்லாம் நடந்துவிட்டதே, இப்போதாவது நிம்மதிதானே என்று. அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். ஃபோன் அடித்தது. குழம்புக் கையோடு எடுத்தாள்.

"எழுதிக்கோங்கண்ணா. ஏழு, ரெண்டு, ரெண்டு…"