கோதண்டத்தின் முதுகு

தன் முதுகைத் தானே பார்த்தவன் எவனும் இல்லை. கோதண்டராமனும் பார்த்ததில்லை. அதனால்தான் தொண்ணூற்றொன்றாம் வருடத்துப் பொங்கலன்று, மணிமங்கலத்தில் நடந்த ஆணழகன் போட்டியில் அவன் மானம் கப்பலேறியது.

மேடை ஏறுவதற்கு முன்னால் உடம்பெல்லாம் எண்ணெய் பூச வேண்டும். அப்போதுதான் விளக்கு வெளிச்சத்தில் சதை எடுப்பாகத் தெரியும். நெஞ்சு, கை, தொடை எல்லாம் அவனவன் பூசிக்கொள்ளலாம், முதுகுக்கு மட்டும் இன்னொருத்தன் கை வேண்டும். கோதண்டத்துக்கு அன்று பூசிவிட்டவன் வசந்தகுமார். இரண்டு பேரும் தண்டலத்துப் பக்கம் ஒரே பவுண்டரியில் வேலை, ஒரே ஷிப்ட். ஒரே ஜிம்மில்தான் பயிற்சியும். கோதண்டம் மண் அச்சில் இரும்புக் குழம்பு ஊற்றுகிறவன், வசந்து மிஷின் பழுது பார்க்கிற பிட்டர்.

பூசும்போது வசந்துவின் விரல் முதுகில் அங்கேயும் இங்கேயும் ஓடியது. நம்மாளு எவ்வளவு அக்கறையாகத் தேய்க்கிறான் என்று கோதண்டம் நெகிழ்ந்து போனான். வெகுளி!

மேடையில் ஜனங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கைகளையும் மடக்கித் தூக்கினான். கூட்டம் ஓவென்று கத்தியது. அடேயப்பா, இப்படியும் ஒரு வரவேற்பா என்று பூரித்துப்போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். கத்தல் இரட்டிப்பானது. சிரித்த முகமாகவே இறங்கி வந்தான்.

ஜிம் நடத்துகிற ரத்தினம் மாஸ்டர் துண்டை எடுத்து அவன் முதுகைத் துடைத்தார். துண்டு கறுப்பாக வந்தது. பவுண்டரி மிஷினில் வடித்த கழிவு ஆயில்.

"இன்னா மாஸ்டர் இது?"

"எழுதி வச்சிகிறான்டா. 'விளம்பரம் செய்யாதீர்'னு."

மதில் சுவரில் எழுதுவார்களே, அதே வாசகம். உன் முதுகு சுவர் மாதிரி தட்டை என்று அர்த்தம். ஊரே படித்துவிட்டுச் சிரித்திருக்கிறது. அவனோ அதைக் கைதட்டல் என்று நினைத்து, படிக்கத் தெரியாதவனும் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும் வரைக்கும் நின்று காட்டியிருக்கிறான். முதல் பரிசு வசந்துவுக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் மரகதத்திடம் கேட்டான். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பெண்டாட்டி, அன்று அவளும் கூட்டத்தில் இருந்தாள்.

"நீயும் சிரிச்சியா?"

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "வந்துடுச்சு. அப்பறமாத்தான் அழுகை வந்துச்சு."

அந்த வார்த்தை கோதண்டத்தின் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. வசந்துவைப் பிடித்து நாலு சாத்து சாத்தியிருக்கலாம். சாத்தினால் முதுகு வந்துவிடுமா? அந்தப் பாவி எழுதியதிலேயே கொடுமை, அதில் பொய் இல்லை என்பதுதான். ஆயுத பூஜைக்குப் படப்பையில் அடுத்த போட்டி. அந்த மேடையில் அதே முதுகைக் காட்ட வேண்டும், ஒரு பயல் வாயில் சிரிப்பு வரக்கூடாது. முக்கியமாக மரகதம் வாயில் வரக்கூடாது. வசந்து அவனுக்குக் கீழே நிற்க வேண்டும். கறுவிக்கொண்டு கிளம்பினான்.

ஜிம் என்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட். எடைத் தட்டுகள்கூடப் பவுண்டரிக் கழிசலில் வார்த்தவைதான். தொங்கி ஏறுகிற கம்பிக்கு எதிரே இருந்த சுவரில், அதே கழிவு ஆயிலைத் தொட்டு, முழ நீள எழுத்தில் 'விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதி வைத்தான்.

ரத்தினம் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "எவன்டா என் ஷெட்டுக்குள்ள வந்து நோட்டீஸ் ஒட்டப் போறான்?"

"இருக்கட்டும் மாஸ்டர்."

இருந்தது. வேலை செய்தது. அதற்கு முன்னாலும் கோதண்டம் பயிற்சி செய்தவன்தான். ஆனால் கை வலித்தால் இறங்கிவிடுவான், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பான். இப்போது கை சோர்ந்து கம்பியிலிருந்து நழுவப் போகிற நேரத்தில் கண் எதிரே அந்த எழுத்து நின்றது. காதில் மணிமங்கலத்துச் சிரிப்பு கேட்டது. அதற்குள்ளே ஒரு பெண் சிரிப்பும் கேட்டது. விடுவானா? பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை மேலே போவான். உள்ளங்கை உரிந்தது. குனிந்து எடை மாட்டிய கம்பியை இழுக்கிற நாட்களில் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் இழுத்தான். சட்டை போடும்போது மரகதம் கை தூக்கிவிட வேண்டியிருந்தது. ஊறவைத்த கடலையும் அவித்த முட்டையுமாகத் தின்று அவளை ஓட்டாண்டி ஆக்கினான்.

"அந்த ஆள நெனச்சிக்கினே துன்றியே, எப்படி ஜீரணமாவும்?" என்பாள்.

"அவன நெனச்சாத்தான் பசிக்குது."

ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் பெரிய ஆபத்து வந்தது. பவுண்டரி வாசல் டீக்கடையில் வசந்து அவன் சைக்கிள் ஹேண்டில் பாரைப் பிடித்தான். முகம் வாடியிருந்தது.

"மாமே, அன்னிக்கி நான் பண்ணது தப்பு. வெளையாட்டா நெனச்சி..."

கோதண்டத்துக்குத் திக்கென்றது. இந்தப் பயல் மன்னிப்புக் கேட்டுத் தொலைத்தால் மிச்சமிருக்கிற இரண்டு வாரத்துக்கு எதைப் பிடித்துக்கொண்டு தொங்குவது?

"வாய மூடு. எதுனா சொல்றதா இருந்தா ஆயுத பூஜைக்கு அப்பறம் சொல்லு."

"இல்ல மாமே, மனசு..."

"மூட்றா!" கையைத் தட்டிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படப்பையில் மேடைக்குப் பின்னால் துணி மறைப்பு. பத்துப் பதினைந்து பேர் ஜட்டியோடு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். கோதண்டம் நேராக வசந்துவிடம் போனான். ஒரு கையில் தேங்காய் எண்ணெய் பாட்டில், இன்னொரு கையில் பால் பவுடர் டப்பா நிறையக் கழிவு ஆயில். இரண்டையும் அவன் முன்னால் வைத்துவிட்டு முதுகைத் திருப்பினான்.

"எது வோணுமோ எட்த்துக்க. எழுது. எழுத எடம் கீதான்னு பாரு."

மறைப்புக்குள்ளே இருந்தவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். பிறகு பாட்டில் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. இல்லை, டப்பா மூடியோ? உள்ளங்கை முதுகில் பட்டது. தோளுக்குக் கீழே ஏறியது, இறங்கியது, நடுவில் பள்ளத்தில் விழுந்தது, அந்தப் பக்கம் மறுபடி ஏறியது. வசந்துவின் கை ஒவ்வொரு மேட்டிலும் நின்று நின்று நகர்ந்தது. தொட்டுப் பாருடா, நல்லாத் தொட்டுப் பாரு என்று உள்ளுக்குள் கறுவினான். ஒன்பது மாதமாகக் கிடைக்காத இனிப்பு அது. கடைசியில் ஒரு விரல் மட்டும் தனியாகக் குறுக்கே ஓடியது.

அதற்குள் அவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடையில் முதுகைக் காட்டித் திரும்பினான். கைகளைத் தூக்கினான். கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. அந்த ஒற்றை விரல் என்ன செய்தது? படிக்கிறார்களா? ஐயோ, மறுபடியும் அவன் கையிலேயே கொண்டு போய்க் கொடுத்தேனே, என்னைவிட மடையன் உண்டா? ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்று இருக்கிற கோபத்தையெல்லாம் திரட்டி முதுகை விரித்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கைதட்டல் தனியாகக் கேட்டது. வளையல் சத்தத்தோடு கேட்ட கைதட்டல். அதன் பின்னால் மொத்தக் கூட்டமும் கிளம்பியது. இந்தத் தடவை அவனுக்கு வித்தியாசம் தெரிந்தது.

பல்லாவரத்துப் பையன் ஒருத்தன் முதல் பரிசு வாங்கினான். கோதண்டம் இரண்டாவது, வசந்து மூன்றாவது. போதும், கணக்கு தீர்ந்தது! கீழே இறங்கி வந்த வசந்து, "எழுத எடமே இல்ல மாமே" என்றான். கோதண்டம் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனான். அந்த ஒரு பார்வைக்கே அத்தனை முட்டையும் தகும்.

வினை அடுத்த வாரம் வந்தது. கம்பியில் தொங்கினான். எதிரே எழுத்து இருந்தது. படித்தான், ஒன்றும் ஆகவில்லை. பாதியிலேயே கை விட்டுப்போய் இறங்கி உட்கார்ந்தான். மறுநாளும் அப்படியே. பல்லாவரத்தானை நினைத்துப் பார்த்தான். அவனோ நல்ல பையன், போட்டி முடிந்து வாழைப்பழம் கொடுத்து விசாரித்தவன். அவன்மேல் எப்படிக் கோபம் வரும்? வீட்டில் வேட்டியைத் தூக்கி, இன்னும் தேறாத காலைக் காட்டி, "இத்தப் பாத்து எதுனா சொல்லு" என்று மரகதத்திடம் கேட்டான். "நல்லாத்தான் கீது" என்று அவள் மனதாரச் சொல்லிவிட்டாள். ஒரு திட்டு வாங்க அவளையும் நம்ப முடியவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வசந்துவின் செக்ஷனுக்குப் போனான். பிட்டர்கள் எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்கள். கோதண்டம் பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டினான்.

"வசந்து, என் கால பத்தி எதுனா சொல்லு."

"இன்னா மாமே, நல்லாத்தானே..."

"உண்மைய சொல்றா."

வசந்து அவன் முகத்தைப் பார்த்தான். அவனும் எடை தூக்குகிறவன், புரிந்துவிட்டது. கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு, காலை முன்னும் பின்னும் நிதானமாகப் பார்த்தான். மணிமங்கலத்துச் சிரிப்பு மெல்ல அவன் உதட்டுக்கு வந்தது.

"மேல மாடி வூடு கட்டிக்கினு, கீழ ரெண்டு மூங்கில் குச்சிய முட்டு குட்த்துகிறியேடா. உன் பொண்டாட்டி காலு இத்தவிட தடியா இருக்குமே. பேசாம அவள மேட ஏத்து."

செக்ஷனே வெடித்துச் சிரித்தது. ஒருத்தனுக்குப் புரை ஏறியது. கோதண்டத்தின் காது மடல் சுட்டது. வேண்டுமென்றே கேட்டு வாங்கியவனுக்கு நிஜமாகவே ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

"உன்ன சும்மா வுட மாட்டன்டா" என்றான்.

அன்று சாயங்காலம் ரத்தினம் மாஸ்டர் ஷெட்டுக்குள் நுழைந்தபோது, சுவரில் பழைய எழுத்து சுரண்டப்பட்டிருந்தது. அந்த இடத்தில் 'மூங்கில் குச்சி' என்று புதிதாக எழுதி, அதிலிருந்து ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. எதிரே கோதண்டம் தோளில் கம்பியைச் சுமந்து, உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தான். முகம் கோரமாக இருந்தது.

"இது இன்னாடா புதுசா?" என்றார் மாஸ்டர்.

"அப்பறம் சொல்றேன். இன்னும் ரெண்டு தட்டு போடுங்க மாஸ்டர்."