மச்சான் விட்ட பஸ்

தேயிலைத் தோட்டத்தில் கூலியாட்களின் வரிசை வீடான எங்கள் லயத்துக்கு விருந்தாளி யார் வந்தாலும், அக்கா வேலுத்தாய் காப்பியைக் கொடுத்துவிட்டு, "பஸ்ஸ விட்ட கதையச் சொல்லுங்க" என்று தன் புருஷனைப் பார்ப்பாள். மொக்கையன் மச்சானும் தயங்காமல் ஆரம்பிப்பார். தன்னைத்தானே கேலி செய்துகொள்வதில் அவருக்கு வெட்கம் கிடையாது.

நடந்தது 1933 சித்திரையில். கம்பத்துக்குப் பக்கம் எங்கள் ஊரில் மாரியம்மன் தேர். வண்டிப்பெரியாரில் காலை ஏழு மணிக்கு பஸ். அக்கா, மச்சான், நான் மூவரும் கிளம்பினோம். மாலை வகுப்பு வாத்தியார் சிலுவைராஜ் தன் கடிகாரத்தை எனக்கு இரவல் தந்திருந்தார். புறப்படும்போது அதை ஃபாக்டரி கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். நாற்பது நிமிஷம் பின்தங்கியிருந்தது. சரியாக வைத்தேன்.

அதுதான் தவறு. ஆட்களைச் சீக்கிரம் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, வரவைக்கத் தோட்டத்துத் துரை ஃபாக்டரி கடிகாரத்தை நாற்பது நிமிஷம் முன்னால் தள்ளி வைத்திருந்தார். லயத்தில் எல்லோரும் அந்த மணிக்குத்தான் எழுவார்கள், உண்பார்கள், படுப்பார்கள். அது வெளியூர் நேரம் அல்ல என்று எனக்குத் தெரியும். வாராவாரம் அதற்குச் சாவி கொடுப்பவனே நான்தான். இருந்தும் அன்று தோன்றவில்லை.

பஸ் நிற்கும் இடத்தில் என் கைக்கடிகாரத்தில் ஏழரை ஆனபோது, "பஸ் போயிருச்சு" என்றேன். "நடந்துருவோம்."

"ஒரு சுருட்டு நேரம் பாப்போமே மாப்ள" என்றார் மச்சான். நான் கேட்கவில்லை.

ஒரு மைல் கடப்பதற்குள் பஸ் பின்னால் வந்தது. கூரையிலும் ஆட்கள். டிரைவர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனார். அது ஏழு மணி பஸ்தான் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"இது எந்த பஸ்ஸுடா தம்பி?" என்றாள் அக்கா.

"திருவிழாவுக்கு விட்ட ரெண்டாவது பஸ்ஸு. மச்சான் மூணு தரம் தலப்பா கட்டுனார்ல, அதுலதான் மொதப் பஸ்ஸு போச்சு."

மச்சான் தலைப்பாவைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "நெசந்தான்" என்றார்.

பிறகு மழை. ஓரிடத்தில் ரோட்டின் மேலேயே தண்ணீர் முழங்காலுக்கு ஓடியது. மச்சான் அக்காவை முதுகில் சுமந்து கடந்தார். எதிர்க் கரையில் ஏலக்காய் வண்டிக்காரர் ஒருவர், "அது ஏலக்கா மூட்டையா இருந்தா நான் ஏத்திக்குவேன். பொண்டாட்டின்னா நீயேதான் சொமக்கணும்" என்றார். அக்கா சிரித்ததில் இருவருமே தண்ணீரில் விழப் பார்த்தார்கள். நனைந்த புளிச்சோற்றை அந்த வண்டிக்கு அடியில் உட்கார்ந்து தின்றோம். மறுநாள் ஊர் சேர்ந்தபோது தேர் நிலைக்கு வந்துவிட்டிருந்தது. நான் ஒருவன்தான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

"கல்யாணம் ஆன நாள்லருந்து பெரட்டு மணி காதுல விழாம, பகல் பூரா இவரோட நடந்தது அன்னிக்கு ஒரு நாளுதான்" என்று அக்கா கதையை முடிப்பாள். எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒரு முறையும் திருத்தவில்லை. ஒரு வேடிக்கைக் கதையில் யார் மேல் பழி இருந்தால் என்ன என்று நினைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சந்தனக் கங்காணி எங்கள் லயத்துக்கு ஒரு சில்லறைக் கங்காணியைத் தேர்ந்தெடுத்தார். விடியுமுன் ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்குக் கொண்டுவரும் வேலை. மச்சான் பதினோரு வருஷம் ஒரு நாள் பிந்தாதவர். அந்த இடம் தனக்குத்தான் என்று அக்காவிடம் சொல்லியிருந்தார்.

"மொக்கையனா? பஸ்ஸவே விட்டவன் பெரட்டுக்கு ஆள எப்பிடிய்யா எழுப்புவான்?" என்றார் கங்காணி. கூட்டம் சிரித்தது. மச்சானும் சிரித்தார். நான் கொழுந்துத் தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறக்க நேரம் இருந்தது. வேறொருவன் பேர் எழுதப்படும்வரை இருந்தது.

திங்கட்கிழமை விறகுக்குப் போன இடத்தில் மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விறகைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"பஸ்ஸப் பாத்ததுமே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நேத்து அங்கதான நின்ன?"

"ஆமா. இப்பவே கங்காணிகிட்டப் போய்ச் சொல்லிர்றேன் மச்சான்."

"பேரு எழுதியாச்சு. இனிமே சொன்னா, தோத்தவன் மச்சினன அனுப்பிச் சாக்குச் சொல்றான்னு அதுக்கும் சிரிப்பானுக." கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். "அக்காட்ட மட்டும் சொல்லிறாத மாப்ள. அவளுக்கு இருக்கறதே அந்த ஒரு நாளுதான்."

நேற்று போடியிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். அக்கா காப்பி கொடுத்துவிட்டு மச்சானைப் பார்த்தாள். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டார்.

"இவருக்கு என்னமோ ரெண்டு நாளா ஒடம்பு சரியில்ல" என்றாள் அக்கா. "நீ சொல்லுடா தம்பி. நீயும் கூடத்தான வந்த."

சொன்னேன். தலைப்பாவை மூன்று முறை கட்டியதையும் சேர்த்தே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.