ஆறாம் பாகம் வரும்வரை

அந்த சினிமாத் தொடரின் ஐந்தாம் பாகத்தில் நாயகன் செத்துப்போன வெள்ளிக்கிழமை காலை, பொழுதுபோக்குப் பூங்காவின் குகை ரயில் சுரங்கத்துக்குள் போனது, வெளியே வரவில்லை. சோதனை ஓட்டம் என்பதால் உள்ளே இருந்தது வண்டிக்கு பிரேக் போடும் பிரேக்காரர் ஒருவர்தான். தேடிப் போனவர்கள் எல்லாரும் சுரங்கத்தின் மறுபக்கம் வெறுங்கையோடு வெளியே வந்தார்கள். அவர் குரல் மட்டும் அடுத்த வளைவில் கேட்டதாம். டிக்கெட் கவுன்டரில் உட்காரும் அவர் மனைவி சாப்பாட்டு டப்பாவைத் தண்டவாளத்தில் வைப்பாள். சாயங்காலம் அது காலியாக இருக்கும். "மோட்டார்ல ஓடுற வண்டியைக் கொண்டுபோய் சினிமாவோட கட்டிவிட்டா இப்படித்தான் ஆகும்" என்று அவர் உள்ளேயிருந்து சொன்னது மேலாளர் காதிலும் விழுந்தது. மேலாளர் என்ன செய்வார் பாவம், ரயில் முழுக்க அந்த நாயகன் முகம்தான். ஆறாம் பாகம் வந்தால் வண்டியும் வந்துவிடும் என்றார்.

அந்தப் படங்களைக் கண்டாலே ஆகாத பிரேக்காரர் மனைவி, படக் கம்பெனி வாசலில் போய்த் தவம் கிடந்தாள். "செத்தவனை எப்படிம்மா எழுப்புறது?" என்றார்கள். எழுப்ப வழி சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப்போனது. அவர்கள் மகள் படித்து முடித்து, கல்யாணமாகி, மாப்பிள்ளையைச் சுரங்க வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். உள்ளேயிருந்து ஆசீர்வாதமும் ஒரு தும்மலும் வந்தன. அம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்த பிறகுதான் ஆறாம் பாகம் வந்தது. செத்தது நாயகன் இல்லையாம், அவனோடு பிறந்த இரட்டையாம். ஊரே தலையில் அடித்துக்கொண்டது. தியேட்டரில் அவள் ஒருத்திதான் அழுதுகொண்டே பார்த்தாள். அன்று மதியமே ரயில் வெளியே வந்தது. உள்ளே போன வயசிலேயே இறங்கியவர் அவளிடம், "அம்மா, கவுன்டர்ல என் வீட்டுக்காரி இருப்பா, கொஞ்சம் கூப்பிடுறீங்களா?" என்றார். அவள் வாய் திறந்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

நாயகன் முகத்தை அழித்துவிட்டு ரயிலுக்கு வெறும் பச்சைப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி இருவரும் கேட்டுப் பார்த்தார்கள். "முகம் இல்லாத வண்டியில யார் ஏறுவா?" என்றார் மேலாளர். அதிலும் பொய்யில்லை. ஏழாம் பாகத்தில் நாயகனை மறுபடி கொல்லப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. அன்றைக்கும் ரயிலை ஓட்டியே ஆகவேண்டும் என்றார் மேலாளர். வேறு ஆளை அனுப்பினால் அவன் வீட்டிலும் ஒருத்தி காத்துக் கிடப்பாள் என்று பிரேக்காரரே ஏறினார். மனைவி கவுன்டர் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டுப் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"நீ எதுக்கு வர்றே?"

"இன்னொரு தடவை உக்காந்து காத்திருக்க என்னால ஆகாதுங்க. அலுத்துப்போச்சு. தள்ளி உக்காருங்க."

அவர் தள்ளி உட்கார்ந்தார். ரயில் உள்ளே போனது. இப்போது மகள் இரண்டு பேருக்குச் சாப்பாடு வைக்கிறாள். மதிய நேரத்தில் அவர்கள் சண்டை போடுவது பக்கத்து ராட்டினத்து வரிசை வரைக்கும் கேட்கும். எட்டாம் பாகம் எடுக்கிறார்களாம் என்று மகள் ஓடிப்போய்ச் சொன்னபோது, "என்ன அவசரம், மெதுவா எடுக்கட்டும்" என்றாள் அம்மா.